எல்லாருக்கும் ஒரு மார்க்

என் சம்பந்தியும் நானும் ஒரே அறையில் வேலை பார்க்கிறோம். இதைக் கேட்கிறவர்கள், "அட, ரொம்ப சௌகரியமாப் போச்சே" என்பார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என் மகள் அவருடைய மகனை விட்டு வந்து நான்கு வருஷம் ஆகிறது. கோர்ட்டில் தீர்ப்பும் வாங்கியாயிற்று. உறவு போனாலும் கூப்பிட வேறு வார்த்தை அமையவில்லை. அவர் என்னைச் சம்பந்தியம்மா என்பார், நான் அவரைச் சம்பந்தி என்பேன். நாங்கள் அதைச் சொல்கிற தொனியைக் கேட்டால் யாரும் வசவு என்றுதான் நினைப்பார்கள். தப்பாக நினைக்கவில்லை.

குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஆங்கில இலக்கணத்துக்கு நாற்பது கேள்விகள். அவற்றை எழுதுவது நான். அதிலும் ஒருமை, பன்மை என் கோட்டை. இருபத்தாறு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஆங்கிலக்காரனுக்குக் கத்தரிக்கோல் ஒன்றாக இருந்தாலும் பன்மை. செய்தி ஒன்பது வந்தாலும் ஒருமை. போலீஸ்காரர் ஒருவர்கூட வராவிட்டாலும் போலீஸ் பன்மை. குடும்பம், குழு, அணி என்று வந்தால் ஒருநாள் ஒன்று என்பான், மறுநாள் பலர் என்பான். ஒற்றுமையாக இருந்தால் ஒன்று. அடித்துக்கொண்டால் பலர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு வாழ்க்கை தெரியும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் கேள்வியை எழுதி, விடையை நீலப் பேனாவில் டிக் போடுவேன். சம்பந்தி சிவப்புப் பேனாவில் சரிபார்ப்பார். இருவருடைய கையெழுத்தும் விழுந்தால்தான் அது விடைக்குறிப்பு. விதிப்படி அவர் தனி அறையில் உட்கார்ந்து, என் டிக்கைப் பார்க்காமலே தன் விடையை எழுதி, உறையில் போட்டு ஒட்ட வேண்டும். பிறகு இரண்டு உறையையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். அந்தத் தனி அறையில் பழைய நாற்காலிகளை அடுக்கிய பிறகு உறைகளும் போயின. ஒரே தாள், ஒரே மேசை. நான் போட்ட டிக்கின் மேலேயே அவர் சிவப்பை ஓட்டுவார்.

சம்பந்தம் முறிந்த நாளிலிருந்து அந்தச் சிவப்புப் பேனாவுக்கு வெறி பிடித்துவிட்டது. நான் எதைச் சரி என்றாலும் சுழிப்பார். சுழித்துவிட்டு, மூன்று இலக்கணப் புத்தகங்களைத் தூக்கி மேசையில் போட்டு, "காட்டுங்க சம்பந்தியம்மா, எங்க போட்டிருக்கு?" என்பார். பக்கம் பக்கமாகக் காட்ட வேண்டும். அரை மணி நேரம் தொண்டை வறள வாதாடினால், "சரி, உங்க இஷ்டம்" என்று தான் போட்ட சுழியை அடித்துவிடுவார். ஒரு கேள்விக்கு அரை மணி. நாற்பது கேள்விக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். அவர் எப்படியும் எனக்கு எதிராகத்தான் போடப் போகிறார். ஆகவே சில கேள்விகளுக்கு வேண்டுமென்றே தப்பான விடையில் டிக் போட்டேன். அவர் வெற்றிக் களிப்போடு அதைச் சுழித்து, சரியான விடையைக் குறிப்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆமாம், கவனிக்கலை" என்பேன். வேலை முடிந்தது. அவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும். ஒன்றரை வருஷம் இது ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

தேர்வு முடிந்து, விடைகள் வெளியாகி, தேறியவர்களின் பட்டியலும் தொங்கவிட்டாயிற்று. ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்ல ஒரே ஒரு நாள் உண்டு. மாலை ஐந்து மணி வரை. அன்று காலை பதினோரு மணிக்கு ஒருத்தி வந்தாள்.

முப்பத்தொன்பது வயது என்று மனுவில் இருந்தது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. விரல்களெல்லாம் ப்ளீச்சிங் பவுடரில் தோல் உரிந்து வெளுத்திருந்தன. உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

"எத்தனாவது கேள்வி?" என்றேன்.

"இருபத்தேழு. நான் எழுபத்தொண்ணு. பட்டியல்ல கடைசி ஆள் எழுபத்திரண்டு. இன்னும் பத்தொன்பது நாள்ல எனக்கு நாப்பது முடியுது. அதுக்கப்புறம் பரீட்சைப் பக்கமே வர முடியாது. அதனால என்னை நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னு சொல்லாதீங்க."

"நாங்க அப்படிச் சொல்றதில்லை."

"எல்லா ஆபீஸ்லயும் இதைச் சொல்லிட்டுத்தான் அப்படிச் சொல்வாங்க."

இருபத்தேழாவது கேள்வியை எடுத்தேன். 'தி கமிட்டி — அனேபிள் டு அக்ரீ அமங் தெம்செல்வ்ஸ்.' குழுவினரால் தங்களுக்குள் ஒத்துப்போக முடியவில்லை. கோடிட்ட இடத்தில் இஸ், ஆர், ஹேஸ், ஹேவ். குழு ஒன்றுதான், ஆனால் உள்ளுக்குள் அடித்துக்கொள்கிறது. தனித்தனி ஆட்களாகச் சிதறிவிட்ட பிறகு அது 'ஆர்'. அதில் எனக்குத் தூக்கத்தில்கூடச் சந்தேகம் வராது. ஆனால் வெளியான விடை 'இஸ்'.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று பீரோவைத் திறந்து மூலத்தாளை எடுத்தேன். 'இஸ்' மேல் நீல டிக். என் டிக். அதன் மேல் சிவப்பே இல்லை. கீழே இருவர் கையெழுத்தும் இருந்தன. அந்தத் தாளில் நான் ஆறு இடங்களில் தப்பாக டிக் போட்டிருந்தேன். ஐந்தைச் சம்பந்தி சுழித்துச் சரிசெய்திருந்தார். ஆறாவதைத் தொடவில்லை. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பீரோவைப் பூட்டினேன்.

நான் திரும்பி வருவதற்குள் சம்பந்தி ஆரம்பித்துவிட்டார். "கமிட்டிங்கறது ஒரு அமைப்பும்மா. அமைப்பு ஒருமை. மூணாங்கிளாஸ் பாடம்."

"மூணாங்கிளாஸோட நிறுத்திட்டீங்களா?" என்றாள் அவள்.

சம்பந்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எங்க சலவைக்கூடத்துல பதினோரு பேர். 'இன்னிக்கு சலவைக்கூடம் லீவு'ன்னா அது ஒண்ணு. ஒத்துக்கறேன். 'சலவைக்கூடத்துக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது'ன்னா அது பதினோரு பேர். ஒண்ணு தனக்குத்தானே எப்படிங்க சண்டை போடும்? எத்தனை பேர் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கறாங்கன்னு வேலை செய்யறவளுக்குத்தான் தெரியும். ஆர்தான் வரும். மூணு புஸ்தகத்துல பார்த்துட்டேன். பக்க நம்பர் எழுதி மனுவுலயே வச்சிருக்கேன்."

இருபத்தாறு வருஷத்தில் இந்த விதியை இவ்வளவு லட்சணமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. நானே யாருக்கும் விளக்கியதில்லை. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளிய பெஞ்சுல உட்காருங்க. பார்த்துட்டுச் சொல்றோம்" என்றேன்.

"பார்க்க என்ன இருக்கு?"

"உட்காருங்கன்னா உட்காருங்க."

அவள் வெளியே போனாள். வெளியூர் போயிருந்த கண்காணிப்பாளர் நான்கு மணிக்குத்தான் வந்தார்; மனுவைப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இவருக்கு அலுவலகத்தில் சமாதானம் என்று பெயர். எதையும் பூசி மெழுகிவிடுவார். மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தபோதுகூட, "தண்ணிக்கும் ஒரு கஷ்டம் இருக்கும்ல" என்றவர்.

"அந்தம்மா சொல்றது சரியா?" என்று கேட்டார்.

"சரி" என்றேன்.

"ரெண்டும் வழக்கத்துல இருக்கு" என்றார் சம்பந்தி.

"அப்ப சுலபம். கேள்வி குழப்பமா இருக்குன்னு நீக்கிடுவோம். நீக்கின கேள்விக்கு எல்லாருக்கும் ஒரு மார்க். யார் மேலயும் தப்பில்லை, யார் மனசும் நோகாது. என் ஒரு கையெழுத்து போதும்."

"அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா?" என்றேன்.

சமாதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் எனக்கே தெரியும். எல்லாருக்கும் போட்டால் அவளுக்கும் எழுபத்திரண்டு வரும். ஆனால் பட்டியலில் உள்ள எழுபத்திரண்டுக்காரர்களும் அப்படியே இருப்பார்கள். சமமாக வந்தால் ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரை இறக்கக் கூடாது என்று விதி. மார்க் வரும், வேலை வராது. மாறாக, விடையே தப்பு என்று திருத்தினால் பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும். 'இஸ்' போட்டவர்களுக்கு ஒன்று குறையும், 'ஆர்' போட்டவர்களுக்கு ஒன்று கூடும். காத்திருந்த நேரத்தில் நான் கணினியில் போட்டுப் பார்த்திருந்தேன். பட்டியலின் வாலில் ஏழு பேர் இறங்குவார்கள். அவள் ஏறுவாள்.

"விடையைத் திருத்துவோம்" என்றேன்.

"திருத்தலாமே. யார் வேண்டாம்னா? ஆனா அதுக்குக் கையெழுத்துப் போட்ட ரெண்டு பேரும் தனித்தனியா எழுதித் தரணும். நான் தப்புப் பண்ணினேன்னு. பிரிவு தப்புப் பண்ணிச்சு, குழு தப்புப் பண்ணிச்சுன்னு எழுதினா மேல வாங்க மாட்டாங்க. ஆள் பேரோட வேணும். ஒருத்தர் எழுதி ஒருத்தர் எழுதலைன்னாலும் செல்லாது." சமாதானம் கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதினவங்க மேல விசாரணை வரும். இந்த வயசுல ரெண்டு பேருக்கும் அது தேவையான்னு யோசிச்சுக்குங்க. நான் டீ குடிச்சிட்டு வர்றேன்."

அவர் போய்விட்டார். நானும் சம்பந்தியும் மட்டும் இருந்தோம். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு பூட்டுப் போட்ட இரும்பு பீரோக்கள் மூன்று, கூரையில் கிறீச்சிடும் மின்விசிறி ஒன்று. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

"இருபத்தேழை ஏன் விட்டீங்க?" என்றேன்.

"நீங்க ஏன் தப்பா போட்டீங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க, சம்பந்தி."

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார், மூடினார். மறுபடி கழற்றினார்.

"அஞ்சாவது தப்பை மாத்தும்போதே எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஈச் ஆஃப் வந்தா ஒருமைன்னு உங்களுக்குத் தெரியாதா? ஒண்ணரை வருஷமா என்னை வச்சு விளையாடியிருக்கீங்க. நான் என்னவோ பெருசா கண்டுபிடிச்சேன்னு வீட்ல போய்ச் சொல்லிட்டிருந்தேன், என் பொண்டாட்டிகிட்ட. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, நீங்க தூண்டில் போட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்கன்னு. சரி, ஆறாவதை விட்டுப் பார்ப்போம், விழுந்தா இந்தம்மா விழட்டும்னு விட்டேன். நீல டிக் உங்களோடது. என்னோடது வெறும் கவனக்குறைவு."

வெட்கமே இல்லாமல் சொன்னார். நான் அவரைக் கன்னத்தில் அறைந்திருப்பேன். மேசை அகலமாக இருந்ததால் தப்பினார்.

"அப்ப எழுதுங்க. தெரிஞ்சேதான் விட்டேன்னு எழுதுங்க."

"முடியாது. அந்த ஏழு பேர் என்ன பாவம் பண்ணாங்க? வேலை கிடைச்சிடுச்சுன்னு ஊர் பூரா சொல்லியிருப்பாங்க."

"அவங்களுக்கு விடை தெரியலை. வெளிய உட்கார்ந்திருக்கிறவளுக்குத் தெரிஞ்சிருக்கு. பரீட்சைன்னு ஒண்ணு எதுக்கு வைக்கறோம்?"

"அந்தக் கேள்வியை நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா இந்தப் பேச்சே இல்லை. நான் விட்டது தப்பு, நீங்க போட்டது தப்பு. ரெண்டு பேர் மேலயும் தப்பு. அதான் கேள்வியையே எடுத்துடலாம்னு சொல்றார். ஒத்துக்கிட்டுப் போங்க."

இந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. நான்கு வருஷத்துக்கு முன்னால் இதையே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார். என் மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்கு நேர்முகத் தேர்வு வைத்திருந்தாள். 'நீ வேலைக்குப் போக வேண்டாம்' என்றான் இவர் மகன். 'போவேன்' என்றாள் அவள். மறுநாள் காலையில் பார்த்தால் அவளுடைய சர்ட்டிபிகேட் எல்லாம் குளியலறையில் பக்கெட் தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தன. அவன் போட்டதுதான். அவனே ஒப்புக்கொண்டான். பஞ்சாயத்துக்கு வந்த இந்த மனிதர் காபியை உறிஞ்சிக்கொண்டே, "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்றார். அன்றைக்கு ஏறிய ஆத்திரம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க" என்றேன். "என் பொண்ணு என்ன தப்புப் பண்ணா? பக்கெட்ல தண்ணி பிடிச்சு வச்சதா?"

"அதை இப்ப எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் இழுக்கலை. அது எங்கயும் போகலை. ஒருத்தன் செஞ்ச அக்கிரமத்தை ரெண்டா வெட்டி, பாதியை அவ தலையில கட்டினீங்க. இன்னிக்கும் அதே கத்தி. எல்லார் மேலயும் தப்புன்னா யார் மேலயும் தப்பில்லைன்னு அர்த்தம். உங்க வீட்டுக்கே இது கைவந்த கலை."

அவர் எழுந்துவிட்டார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"என் பையன் செஞ்சது அக்கிரமம். சரி. நாலு வருஷமா மனசுக்குள்ள ஒத்துக்கிட்டுத்தான் இருக்கேன், வாய்தான் வரலை. அவன் என் பையன். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க, சம்பந்தியம்மா? ஒரு பொம்பளை வேலைக்குப் போகக் கஷ்டப்பட்டு எழுதின காகிதத்தை, நீங்களும்தான் தண்ணியில போட்டிருக்கீங்க. அவனாவது கோபத்துல போட்டான். நீங்க அரை மணி நேரம் மிச்சம் பண்ணப் போட்டீங்க."

யார் சொல்வதையும் அரைப் பேச்சில் மடக்குகிறவள் நான். இதை மட்டும் முடிவுவரை கேட்டேன். அவர் சொன்னது அத்தனையும் நிஜம். அதை இந்த மனிதர் வாயால் கேட்க வேண்டி வந்ததே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சமயத்தில் அவரை எவ்வளவு வெறுத்தேனோ, அதைவிட ஒரு பங்கு கூடுதலாக என்னை வெறுத்தேன்.

ஒரு வெள்ளைத்தாளை எடுத்தேன். எழுத ஆரம்பித்தேன். 'இருபத்தேழாம் கேள்விக்குச் சரியான விடை ஆர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே இஸ் என்று குறித்தேன். கவனக்குறைவு அல்ல. குழப்பமும் அல்ல.' என் பெயர், பதவி, தேதி. கையெழுத்து. சம்பந்தியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று விரல் துடித்தது. எழுதினால் இரண்டு பேர் மேலும் தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். என் பங்கு முழுசாக எனக்கே இருக்கட்டும்.

தாளை அவர் பக்கம் தள்ளினேன். வாசித்தார். தன் பெயர் எங்கே என்று தேடினார். இல்லை என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"உங்களோடதை நீங்க எழுதுங்க" என்றேன். வெள்ளைத்தாள் ஒன்றையும் சேர்த்து வைத்தேன்.

அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைக்கூட எடுத்தார். ஒரு நிமிஷம் நான் நம்பிவிட்டேன். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"எனக்கு ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம் இருக்கு. வீட்ல அவனும் என்னை நம்பித்தான் இருக்கான். வேலை வெட்டி இல்லை. மன்னிச்சிடுங்க."

"மன்னிக்க மாட்டேன்."

"தெரியும்" என்றார்.

சமாதானம் டீ குடித்துவிட்டு வந்தார். என் தாளை வாசித்தார். வாசிக்க வாசிக்கத் தாளைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"இது ஒண்ணு மட்டும் செல்லாதும்மா. சொன்னேன்ல. இதை நான் பார்க்கலை, நீங்க எழுதலை. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கிழிச்சுப் போடுங்க." தாளை மடித்து என் கையில் திணித்தார். தன் மேசைக்குப் போய், வினா நீக்கம் என்ற படிவத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். மணி நாலே முக்கால். "அந்தம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க. பொம்பளைக்குப் பொம்பளை."

பக்குவம் என் பரம்பரையிலேயே கிடையாது. படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

அவள் பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள். ஆறு மணி நேரமாக எங்கேயும் போகவில்லை போலிருக்கிறது. மடியில் மூன்று இலக்கணப் புத்தகங்கள், பக்கங்களில் அடையாளத்துக்குச் செருகிய துணிக் கிழிசல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"கேள்வியை நீக்கிட்டாங்க" என்றேன். "எல்லாருக்கும் ஒரு மார்க்."

அவள் கணக்குப் போடுவதை நான் முகத்தில் பார்த்தேன். என்னைவிட வேகமாகப் போட்டாள்.

"எல்லாருக்கும் போடுங்கன்னு யாரு கேட்டா?"

நான் படிவத்தைப் பெஞ்சின் மேல் வைத்தேன்.

"எனக்குத் தெரிஞ்ச விடைக்கு எனக்குப் போடுங்கன்னு கேட்டேன். தெரியாதவனுக்கும் போட்டுட்டு வந்து நிக்கறீங்க. எனக்கு எழுபத்திரண்டு, அவனுக்கும் எழுபத்திரண்டு, இடம் அவனுக்கு. அதானே?"

"அதான்."

"நான் சொன்னது சரியா, தப்பா? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

"சரி. முழுக்கச் சரி."

"அப்ப அந்தத் தப்பு எப்படி வந்தது?"

பக்குவமாகச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. கையிலிருந்த தாளைப் பிரித்து அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். திரும்ப மேலே போய் இன்னொரு தடவை வாசித்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

"எதுக்கு?"

இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் என்னை யாரும் இவ்வளவு சின்னக் கேள்வி கேட்டதில்லை. பக்கெட்டைச் சொல்லலாம், சிவப்புப் பேனாவைச் சொல்லலாம், மகள் அழுத அழுகையைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பெஞ்சின் முன்னால் நின்றபோது அதெல்லாம் இவளுக்கு என்ன என்று இருந்தது.

"உள்ள ஒருத்தர் இருக்காரே, என் சம்பந்தி, அவருக்கும் எனக்கும் ஆகாது. அவர் எப்படியும் மாத்துவார்னு தப்பா போட்டேன். அவர் மாத்தலை."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தாள்.

"உங்க வீட்டுச் சண்டைக்கு என் பரீட்சைதான் கிடைச்சுதா?" என்றாள். "ராத்திரி ஷிப்ட் முடிச்சு வந்து படிப்பேன். துணி கொதிக்கிற தொட்டிப் பக்கத்துல நின்னுக்கிட்டு மனப்பாடம் பண்ணுவேன். ஏழு தடவை எழுதியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் நமக்குத்தான் அறிவு பத்தலைன்னு நினைச்சுக்குவேன். இந்தத் தடவைதான் பத்திச்சு."

"இந்தத் தாளை எடுத்துட்டுப் போங்க. கேஸ் போடுங்க. எங்க வந்து சொல்லச் சொன்னாலும் வந்து சொல்றேன்."

"போடுங்கன்னு நீங்க எனக்கு உத்தரவு போட வேணாம். நான் போடுவேன். உங்க மேலதான் போடுவேன்."

"சரி."

"கேஸ் முடியறதுக்குள்ள எனக்கு நாப்பத்தஞ்சு ஆயிடும். அதுவும் தெரிஞ்சுதான் போடறேன்."

பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சம்பந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் கை காலியாக இருப்பதையும், அவள் கையில் தாள் இருப்பதையும் பார்த்தார்.

"சம்பந்தியம்மா, என்ன குடுத்தீங்க அவங்ககிட்ட?"

நான் திரும்பவில்லை. அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர்தானா அது?" என்று என்னைக் கேட்டாள்.

"இவர்தான்."

"இதுல இவர் பேர் இல்லையே."

"அது அவர் எழுத வேண்டியது. நான் எழுத முடியாது."

அவள் தாளைப் பெஞ்சின் மேல் விரித்து வைத்தாள். பையிலிருந்து பேனா எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"கீழ உங்க வீட்டு விலாசத்தை எழுதுங்க. ஆபீஸுக்கு அனுப்பினா அப்படி ஒரு ஆளே இல்லைன்னு பதில் வரும். நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரணும்."

குனிந்து எழுதினேன். கதவு எண், மாடி, தெரு, அஞ்சல் எண். பகலில் நான் வேலைக்கு வந்துவிடுவேன், கணவருக்குக் காது மந்தம். தபால்காரர் மணியடித்தால் கதவைத் திறப்பது என் மகள்தான். அவளுக்கு வேலை மதிய ஷிப்டில் என்பதால் காலை முழுக்க வீட்டில் இருப்பாள். கையெழுத்துப் போட்டு வாங்கி, என்னவென்று பிரித்தும் பார்ப்பாள்.

"எத்தனை நாள்ல வரும்?" என்று கேட்டேன்.

"ஏன், யார்கிட்டயாவது முன்னாடியே சொல்லணுமா?"

"ஆமாம். என் பொண்ணுகிட்ட."

"அப்ப இன்னிக்கே சொல்லிடுங்க" என்றாள் அவள். தாளின் மடிப்பை நகத்தால் அழுத்தி நீவி, புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.